சென்னைக்குக் குடிமாறும்போது பள்ளியும் பகுதியும்: ஓ.எம்.ஆர்., வேளச்சேரி-மேடவாக்கம், தாம்பரம், அடையாறு ஓர் ஒப்பீடு

மார்ச் நெருங்கினால் ஒரே கேள்வி பல ஊர்களிலிருந்து வரத் தொடங்கும். கோவை, திருநெல்வேலி, பெங்களூரு என்று எங்கிருந்து வந்தாலும் விவரம் கிட்டத்தட்ட இதுதான்: சோழிங்கநல்லூர் பக்கம் வேலை கிடைத்திருக்கிறது, மூத்த பிள்ளை இரண்டாம் வகுப்பு போக வேண்டும், சின்னது எல்.கே.ஜி., வீட்டை எந்தப் பகுதியில் பார்ப்பது, எந்தப் பள்ளியில் சேர்ப்பது?

பெரும்பாலானவர்கள் இரண்டு வழிகளில் ஒன்றைப் பிடிக்கிறார்கள். அலுவலகத்துக்குப் பக்கத்தில் வீட்டை முடித்துவிட்டு, கிடைக்கிற பள்ளியில் சேர்ப்பது ஒன்று. பேர் பெற்ற பள்ளியில் இடம் வாங்கிவிட்டு, எவ்வளவு தூரமானாலும் வேனில் அனுப்புவது இன்னொன்று. என் கருத்து வேறு. பத்து வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்கு வீடும் பள்ளியும் இரண்டு மூன்று கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். இரண்டையும் ஒரு ஜோடியாகவே தேட வேண்டும். தூரம் என்று ஒன்று வந்தே தீரும் என்றால் அதைப் பெரியவர்கள் சுமக்கட்டும். கீழே உள்ள ஒப்பீடு முழுவதும் இந்த எண்ணத்தின் மேல்தான் நிற்கிறது.

## எதையெல்லாம் வைத்து எடை போடுவது

பிள்ளையின் பயண நேரம். ஒரு வழிக்கு இருபது நிமிடம் சரி, நாற்பது நிமிடம் என்றால் வேண்டாம். மேப் காட்டும் நேரத்தை நம்பாதீர்கள். வேன் பத்துத் தெரு சுற்றி மற்ற பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகும். வழியில் முதலில் ஏறும் பிள்ளை, நான்கு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் பள்ளிக்கு முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருக்கும். பள்ளியிடம் கேட்க வேண்டியது "வேன் உண்டா?" என்பதை அல்ல. "எங்கள் தெருவுக்கு வேன் எத்தனை மணிக்கு வரும், சாயங்காலம் எத்தனை மணிக்கு இறக்கிவிடும்?" என்று கேளுங்கள்.

தண்ணீர். சென்னையில் இதற்கு இரண்டு பக்கம். கோடையில் குழாயில் வருகிறதா, மழையில் தெருவில் நிற்கிறதா. இரண்டையும் தனித்தனியாக விசாரிக்க வேண்டும்.

இடம் கிடைக்குமா. எல்.கே.ஜி. இடம் ஒரு மாதிரி, இரண்டாம் வகுப்பில் நடுவில் சேர்ப்பது வேறு மாதிரி. பழைய பள்ளிகளில் மேல் வகுப்புகளில் யாராவது விலகினால்தான் இடம். இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே பள்ளியில் இடம் கிடைப்பதை நான் மிகவும் உயர்வாக வைப்பேன். ஒரே நேரம், ஒரே வேன், ஒரே விடுமுறைப் பட்டியல்.

மூன்றரை மணிக்குப் பிறகு. எல்.கே.ஜி. பிள்ளை மதியமே வீட்டுக்கு வந்துவிடும். பெரியது மூன்றரை, நான்கு. பெற்றோர் இருவரும் வேலைக்குப் போனால் ஏழு மணி வரை யார் பார்ப்பது? தாத்தா பாட்டி உடன் வருகிறார்களா, டே கேர் பக்கத்தில் உண்டா என்பது பல குடும்பங்களில் எந்தப் பகுதி என்பதையே முடிவு செய்துவிடும்.

மொத்தச் செலவு. வாடகையும் ஃபீஸும் மட்டும் இல்லை. பின்னால் விரிவாகச் சொல்கிறேன்.

பெற்றோரின் பயணம். தெரிந்தேதான் இதைக் கடைசியில் வைத்திருக்கிறேன்.

## ஓ.எம்.ஆர்.: பெருங்குடி முதல் கேளம்பாக்கம் வரை

வேலை சோழிங்கநல்லூர் பக்கம் என்றால் முதலில் மனதுக்கு வருவது அது இருக்கும் ஓ.எம்.ஆர்., அதாவது பழைய மகாபலிபுரம் சாலைதான். அதில் நியாயம் இருக்கிறது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று பள்ளியிலிருந்து போன் வந்தால் பதினைந்து நிமிடத்தில் போய் நிற்கலாம். அடுக்குமாடிக் குடியிருப்புகளில் விளையாடும் இடம் இருக்கும், அதே வயதுப் பிள்ளைகள் மாடிக்கு நாலு பேர் இருப்பார்கள். ஊர் புதிது என்பதைப் பிள்ளை ஒரு மாதத்தில் மறந்துவிடும். பள்ளிகளும் ஒப்பீட்டில் புதியவை, பெரும்பாலும் சி.பி.எஸ்.இ. நடுவில் சேர்ப்பதற்கு நகரத்துக்குள் இருப்பதைவிட இங்கே வாய்ப்பு அதிகம். டே கேர்களும் நிறைய.

இனி மறுபக்கம். பல குடியிருப்புகளுக்கு மெட்ரோ வாட்டர் (சென்னைக் குடிநீர் வாரியம்) குழாய் இணைப்பே இல்லை. கிழக்கே பக்கிங்காம் கால்வாயும் கடலும் இருப்பதால் போர்வெல் தண்ணீர் பல இடங்களில் உப்பு. எனவே லாரித் தண்ணீர். 2019 கோடையில் சில ஐ.டி. நிறுவனங்கள் தண்ணீர் இல்லாமல் ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொன்னதை இந்தப் பகுதியில் இருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நெம்மேலியில் 2013 இல் தொடங்கிய கடல்நீர் சுத்திகரிப்பு நிலையம் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் தருவது. அதன் அருகே 2024 இல் 15 கோடி லிட்டருக்கு இன்னொன்று திறந்தார்கள். நிலைமை முன்பைவிட மேல்தான். ஆனால் "ஏரியாவுக்குத் தண்ணீர் வந்துவிட்டது" என்ற பேச்சு உங்கள் கட்டடத்தின் சம்ப்பை, அதாவது தரைக்கடித் தொட்டியை நிரப்பாது. வீடு பார்க்கும்போது அசோசியேஷன் ஆள் ஒருவரிடம் நேராகக் கேளுங்கள்: மெட்ரோ வாட்டர் இணைப்பு உண்டா, கோடையில் நாளைக்கு எத்தனை லாரி, அந்தச் செலவு மெயின்டனன்ஸில் அடங்கியதா, தனியா? கழிவுநீர்க் குழாய் உண்டா, அதற்கும் லாரியா என்பதையும் சேர்த்துக் கேட்டுவிடுங்கள்.

இரண்டாவது, சாலை. மெட்ரோ இரண்டாம் கட்டத்தில் மாதவரம் முதல் சிறுசேரி சிப்காட் வரையிலான வழித்தடம் ஓ.எம்.ஆர். மேல்தான் போகிறது. தூண் வேலை நடக்கும் இடங்களில் சாலை குறுகி, யூ-டர்ன்கள் இடம் மாறி, எதிர்ப்பக்கம் இருக்கும் கடைக்குப் போகவே சுற்ற வேண்டியிருக்கிறது. இதற்கு ஒரு எளிய விதி உண்டு: வீடும் பள்ளியும் ஓ.எம்.ஆரின் ஒரே பக்கத்தில் இருக்கட்டும். எதிரெதிரே 800 மீட்டரில் இருப்பதைவிட, ஒரே பக்கத்தில் உள்சாலை வழியாக 2 கிலோமீட்டரில் இருப்பது தினசரி வாழ்க்கைக்கு மேல். இதைப் பார்க்காமல் வீடு முடித்தவர்கள் முதல் வருட இறுதியில் வீடு மாற்றுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

சோழிங்கநல்லூர் சென்னை மாநகராட்சிக்குள் வரும். நாவலூர், சிறுசேரி, கேளம்பாக்கம் எல்லாம் அதற்கு வெளியே, செங்கல்பட்டு மாவட்டத்தில் வரும். குப்பை எடுப்பதிலும் உள்சாலையின் நிலையிலும் அந்த வேறுபாடு தெரியும்.

யாருக்குச் சரி: பெற்றோர் இருவரும் இதே சாலையில் வேலை பார்க்கிறார்கள், உடன் பெரியவர்கள் இல்லை, பிள்ளைகள் மிகச் சிறியவர்கள் என்றால்.

யாருக்குச் சரிவராது: தாத்தா பாட்டி உடன் வந்து, கோயில், காய்கறிக் கடை, டாக்டர் எல்லாம் நடந்து போகும் தூரத்தில் வேண்டும் என்றால். மாடியில் அடைந்து கிடப்பதாக அவர்கள் சீக்கிரமே வருந்துவார்கள்.

## வேளச்சேரி, மடிப்பாக்கம், பள்ளிக்கரணை, மேடவாக்கம்

வரைபடத்தில் பார்த்தால் இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. கிழக்கே ஓ.எம்.ஆர்., மேற்கே ஜி.எஸ்.டி. சாலை (தாம்பரம் வழியாகத் தெற்கே போகும் நெடுஞ்சாலை), வடக்கே கிண்டி. வேளச்சேரியிலிருந்து மயிலாப்பூர் வழியாக நகரத்துக்குள் போகப் பறக்கும் ரயில். மேடவாக்கத்திலிருந்து பெரும்பாக்கம் வழியாகச் சோழிங்கநல்லூர் எட்டு கிலோமீட்டர் அளவுதான். மெட்ரிக், சி.பி.எஸ்.இ., அரசுப் பள்ளி என்று எல்லா வகையும் நடுத்தரக் கட்டணத்தில் கிடைக்கும். கணவருக்குக் கிண்டியில் வேலை, மனைவிக்கு ஓ.எம்.ஆரில் வேலை என்று இரண்டு திசை உள்ள குடும்பத்துக்கு இதுதான் நடுப்புள்ளி.

ஆனால் இந்தப் பகுதி முழுவதும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைச் சுற்றி வளர்ந்தது. 2022 இல் ராம்சார் (பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த) ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட அதே சதுப்பு நிலம்தான். தென்சென்னையின் பல ஏரிகளிலிருந்து வழியும் நீர் இங்கே வந்துதான் கடலுக்குப் போக வேண்டும். 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் வேளச்சேரியின் விஜயநகர், ராம் நகர் போன்ற இடங்கள் நாட்கணக்கில் தண்ணீரில் நின்றன. 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததும் மக்கள் முன்கூட்டியே கார்களைக் கொண்டுபோய் வேளச்சேரி மேம்பாலத்தில் நிறுத்தினார்கள். பகுதியைப் பற்றி அதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது.

அதனால் வேளச்சேரியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தெருவுக்குத் தெரு வித்தியாசம் இருக்கிறது. முழங்கால் தண்ணீர் நின்ற தெருவுக்கு அடுத்த தெரு உலர்ந்து இருந்ததும் உண்டு. சிக்கல் என்னவென்றால், பள்ளிச் சேர்க்கைக்காக நாம் வீடு பார்ப்பது ஏப்ரல், மே மாதங்களில். அப்போது எல்லாத் தெருவும் ஒன்றுபோலக் காய்ந்து கிடக்கும். புரோக்கர் "இங்கே ஒரு சொட்டு நிக்காது சார்" என்பார். நம்ப வேண்டாம். காம்பவுண்டுச் சுவரில் தண்ணீர் நின்ற கறை இருக்கிறதா பாருங்கள். மின்மீட்டர் பெட்டி எவ்வளவு உயரத்தில் மாட்டியிருக்கிறார்கள், பழைய வீடுகளில் வாசற்படியைப் புதிதாக உயர்த்திக் கட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். தெருமுனையில் இஸ்திரி போடுகிறவரிடமும் ஆட்டோ ஸ்டாண்டிலும் கேளுங்கள். அவர்களுக்கு உங்கள் அட்வான்ஸில் பங்கு இல்லை, உண்மையைச் சொல்வார்கள். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்குத் தரைத்தளம் இந்தப் பகுதியில் வேண்டவே வேண்டாம். இரண்டு நாள் மின்சாரம் இல்லாமல், பால் இல்லாமல், கைக்குழந்தையுடன் இருப்பது என்ன என்பதைப் பட்டவர்களிடம் கேட்டால் சொல்வார்கள்.

வீட்டைப் போலவே பள்ளி வாசலையும் இப்படி விசாரிக்க வேண்டும். வீடு மேட்டில் இருந்து பள்ளி பள்ளத்தில் இருந்தால் மழைக்காலத்தில் வகுப்பு நடக்காது.

மாதவரம்-சோழிங்கநல்லூர் மெட்ரோ வழித்தடம் கீழ்க்கட்டளை, மேடவாக்கம், பெரும்பாக்கம் வழியாக வருகிறது. முடிந்த பிறகு இந்தப் பகுதியின் மதிப்பே மாறும். முடியும்வரை மேடவாக்கம் கூட்டுச்சாலை நெரிசலைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

யாருக்குச் சரி: பெற்றோருக்கு இரண்டு திசையில் வேலை, செலவு கட்டுக்குள் இருக்க வேண்டும், மேட்டுத் தெரு ஒன்றைத் தேடிப் பிடிக்க நேரமும் பொறுமையும் உண்டு என்றால்.

## குரோம்பேட்டை, தாம்பரம், சேலையூர்

தென் மாவட்டங்களிலிருந்து வருகிறவர்கள் பலர் கடைசியில் இங்கேதான் வந்து சேர்கிறார்கள். காரணம் எளிது. 2023 டிசம்பர் 30 அன்று திறந்த கிளாம்பாக்கம் பேருந்து முனையம் பக்கத்தில். தெற்கே போகும் பல ரயில்கள் தாம்பரத்தில் நிற்கும், சில இங்கிருந்தே கிளம்பும். பொங்கலுக்கு இரண்டு சின்னப் பிள்ளைகளையும் நாலு பையையும் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போகும்போது இதன் அருமை தெரியும். நகரத்துக்குள் போக மின்சார ரயில். 1931 முதல் கடற்கரை-தாம்பரம் தடத்தில் ஓடும் அந்த வண்டிதான் இன்றும் சென்னையின் மலிவான, நம்பகமான பயணம்.

பள்ளிகளும் இங்கே பழையவை, நிலைபெற்றவை. ஒரே குடும்பத்தில் அப்பாவும் பிள்ளையும் படித்த மெட்ரிக், அரசு உதவிபெறும் பள்ளிகள் உண்டு. விமானப்படைத் தளத்தில் கேந்திரிய வித்யாலயா இருக்கிறது. வாடகை அடையாறைவிட நன்றாகவே குறைவு, தனி வீடுகளும் கிடைக்கும், கடைத்தெரு நடக்கும் தூரம். தாத்தா பாட்டி உடன் வந்தால் நான் முதலில் சொல்வது சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம் பக்கத்தைத்தான்.

இங்கேயும் கிழக்கு மேற்கு வேறுபாடு உண்டு. மேற்குத் தாம்பரத்தில் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் அடையாற்றின் மேல்பகுதியை ஒட்டியது. 2015 இல் அங்கே படகில் மக்களை மீட்டார்கள், 2023 இலும் தண்ணீர் புகுந்தது. கிழக்கில் ஏரிக்கரைப் பள்ளங்களைத் தவிர்த்தால் நிலைமை மேல்.

பெரிய குறை, பெற்றோரின் பயணம். சோழிங்கநல்லூருக்கு 15 கிலோமீட்டருக்கு மேல், கேம்ப் ரோடு, மேடவாக்கம் என்று நெரிசல் புள்ளிகள் வழியாக. சிறுசேரியில் வேலை என்றால் வண்டலூர்-கேளம்பாக்கம் சாலை ஓரளவு கைகொடுக்கும். வாரத்தில் இரண்டு மூன்று நாள் மட்டும் அலுவலகம் போனால் போதும் என்கிற வேலையாக இருந்தால் இந்தக் குறை பாதியாகிவிடும். இருவரும் தினமும் ஓ.எம்.ஆர். போக வேண்டும், வீட்டில் பெரியவர்களும் இல்லை என்றால் தாம்பரம் வேண்டாம். பிள்ளைக்கு அடிபட்டது என்று போன் வரும்போது ஒன்றரை மணி நேரம் தள்ளி இருப்பது எந்த வாடகை மிச்சத்துக்கும் ஈடாகாது.

## அடையாறு, திருவான்மியூர், மயிலாப்பூர்

பிள்ளைகளுக்கு என்று மட்டும் பார்த்தால் நகரத்தின் மிகச் சிறந்த பகுதி. மெட்ரோ வாட்டர் உண்டு. நடைபாதை உண்டு. பெசன்ட் நகர் கடற்கரை, கிண்டி சிறுவர் பூங்கா, கோட்டூர்புரத்தில் 2010 இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் குழந்தைகள் பிரிவு எல்லாம் ஒரு ஆட்டோ தூரத்தில். பாட்டு, பரதம், நீச்சல் என்று எதைக் கற்றுக்கொடுக்க நினைத்தாலும் நல்ல ஆசிரியர் பக்கத்தில் இருப்பார். திருவான்மியூரிலிருந்து ஓ.எம்.ஆருக்குப் போய் வருவதும் அவ்வளவு கடினம் இல்லை.

வாடகையைப் பற்றி நீட்டிச் சொல்லத் தேவையில்லை. ஓ.எம்.ஆரில் மூன்று படுக்கையறைக்குக் கொடுப்பதை இங்கே இரண்டுக்குக் கொடுக்க வேண்டியிருக்கும், அதுவும் லிஃப்ட் இல்லாத பழைய கட்டடத்தில். அதைவிடப் பெரிய தடை, இடம். மயிலாப்பூர் வித்யா மந்திர், அடையாறு பால வித்யா மந்திர், சிஷ்யா போன்ற பழைய பள்ளிகளில் தொடக்க வகுப்புக்கே போட்டி. இரண்டாம் வகுப்பில் வெளியூரிலிருந்து வந்து நுழைவது அபூர்வம். சின்னதுக்கு எல்.கே.ஜி. கிடைத்து மூத்தவளுக்குக் கிடைக்காமல், இரண்டு பிள்ளை இரண்டு திசை என்றாகிவிடும். அப்படி நேர்ந்தால் இந்தப் பகுதிக்காகக் கொடுக்கும் கூடுதல் வாடகைக்கு அர்த்தமே போய்விடுகிறது. ஆற்றங்கரையை ஒட்டிய கோட்டூர்புரம் தெருக்கள் 2015 இல் மூழ்கின என்பதையும் மறக்க வேண்டாம்.

யாருக்குச் சரி: ஒரே பிள்ளை, இன்னும் எல்.கே.ஜி. சேராத வயது, சொந்தக்காரர்கள் பக்கத்தில், வாடகை சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாது என்றால்.

அண்ணா நகர், முகப்பேர் பற்றியும் கேட்கிறார்கள். பள்ளிகளுக்குப் பேர்போன பகுதிதான். அம்பத்தூரிலோ கிண்டியிலோ வேலை என்றால் தாராளமாகப் பாருங்கள். தினமும் ஓ.எம்.ஆர். என்றால் நகரத்தையே குறுக்காகக் கடக்க வேண்டும், விட்டுவிடுங்கள்.

## ஒரே பார்வையில்

| | ஓ.எம்.ஆர். | வேளச்சேரி-மேடவாக்கம் | தாம்பரம்-சேலையூர் | அடையாறு-மயிலாப்பூர் |
|---|---|---|---|---|
| பிள்ளையின் பயணம் | ஒரே பக்கம் என்றால் குறைவு | குறைவு | குறைவு | மிகக் குறைவு |
| நடுவகுப்பில் இடம் | எளிது | பரவாயில்லை | பரவாயில்லை | கடினம் |
| கோடைத் தண்ணீர் | லாரி | தெருவைப் பொறுத்து | தெருவைப் பொறுத்து | நன்று |
| மழைநீர் | உள்பகுதிகளில் கவனம் | மிகவும் கவனம் | மேற்கில் கவனம் | ஆற்றங்கரையில் கவனம் |
| வாடகை | நடுத்தரம், மெயின்டனன்ஸ் அதிகம் | நடுத்தரம் | குறைவு | அதிகம் |
| பெரியவர்களுக்கு | சிரமம் | நன்று | மிக நன்று | மிக நன்று |
| சொந்த ஊர்ப் பயணம் | தூரம் | நடுத்தரம் | மிக அருகில் | தூரம் |

## எந்த வகைப் பள்ளி

பகுதியை முடிவு செய்தால் பள்ளி வகை பாதி தானாக முடிவாகிவிடும். சிலவற்றை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

வயது. மாநிலப் பாடத்திட்டப் பள்ளிகளில் ஜூலை 31 அன்று 5 வயது முடிந்திருந்தால் முதல் வகுப்பு. கேந்திரிய வித்யாலயாவில் மார்ச் 31 அன்று 6 முடிந்திருக்க வேண்டும். சில தனியார் சி.பி.எஸ்.இ. பள்ளிகளும் 6 கேட்கின்றன. ஊரில் யூ.கே.ஜி. முடித்த பிள்ளையை இங்கே மறுபடி யூ.கே.ஜி.யில் உட்காரச் சொல்லலாம். போன் செய்யும்போது முதல் கேள்வியே இதுவாக இருக்கட்டும்.

மெட்ரிக். 2010 ஆம் ஆண்டுச் சமச்சீர் கல்விச் சட்டத்துக்குப் பிறகு மெட்ரிக் பள்ளிகளிலும் அரசுப் பள்ளிகளிலும் பத்தாம் வகுப்பு வரை ஒரே பாடத்திட்டம். பெயர்ப்பலகைதான் வேறு. பக்கத்தில் நல்ல ஆசிரியர்கள் உள்ள மெட்ரிக் பள்ளி இருந்தால், ஐந்தாம் வகுப்பு வரை அதை நான் தயங்காமல் எடுப்பேன்.

சி.பி.எஸ்.இ. வேறு மாநிலத்துக்கு மறுபடி மாற்றல் வரும் என்றால் இதுதான் வசதி. கட்டணம் கூட. பெங்களூருவிலிருந்தோ டெல்லியிலிருந்தோ வருகிறவர்கள் ஒன்றை மனதில் வைக்க வேண்டும்: 2006 ஆம் ஆண்டுத் தமிழ் கற்றல் சட்டப்படி தமிழ் கட்டாயப் பாடம். 2015-16 முதல் படிப்படியாக மற்ற பாடத்திட்டப் பள்ளிகளுக்கும் அது வந்துவிட்டது. வீட்டில் தமிழ் பேசினாலும் எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளைக்கு முதல் வருடம் பொறுமையாக உதவும் பள்ளியா என்று தமிழ் ஆசிரியரையே சந்தித்துப் பேசுங்கள்.

கேந்திரிய வித்யாலயா. மத்திய அரசு ஊழியர்களுக்கு முன்னுரிமை. மற்றவர்கள் முதல் வகுப்புக்கு விண்ணப்பித்துக் குலுக்கலில் பார்க்கலாம், அதை நம்பி வீடு எடுக்கக் கூடாது. தமிழ் அங்கே மற்ற பள்ளிகளைப் போல முறையான பாடமாக இருக்காது.

அரசு, மாநகராட்சிப் பள்ளி. படித்த நடுத்தரக் குடும்பங்கள் பார்க்காமலேயே ஒதுக்கிவிடுகிற வாய்ப்பு இது, எனக்கு அதில் வருத்தம் உண்டு. ஆங்கில வழிப் பிரிவு பல இடங்களில் உண்டு, 2023 ஆகஸ்ட் முதல் மாநிலம் முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவும் உண்டு. ஒரு நாள் காலை ஒன்பது மணிக்குப் போய்த் தலைமை ஆசிரியரிடம் பேசுங்கள். எத்தனை வகுப்புக்கு எத்தனை ஆசிரியர், கழிப்பறை எப்படி, எந்த வகுப்பில் எத்தனை பிள்ளைகள் என்று பாருங்கள். நன்றாக இருந்தால் சேருங்கள். இன்னொன்றும் உண்டு: மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2020 இல் வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டுக்கு, 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். அதாவது இப்போது எடுக்கும் முடிவு ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான். ஆறாம் வகுப்பில் மறுபடி யோசிக்க இடம் இருக்கிறது. நான்கு வயதுப் பிள்ளைக்குப் பன்னிரண்டாம் வகுப்பு வரை இப்போதே முடிவு செய்ய வேண்டும் என்று யாரும் பயப்பட வேண்டாம்.

ஆண்டு வருமானம் 2 லட்சத்துக்குள் இருந்தால், கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளித் தொடக்க வகுப்பில் உள்ள 25 சதவீத இடத்துக்கு விண்ணப்பிக்கலாம். பள்ளி வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும், முகவரிச் சான்றும் வேண்டும். அப்படிப்பட்டவர்களுக்கு வீட்டுத் தெருவே பள்ளியைத் தீர்மானிக்கும். ஆனால் 2025 இல் மத்திய அரசின் நிதி வராத சிக்கலில் இந்தச் சேர்க்கை அக்டோபர் வரை தள்ளிப்போனது. கையில் மாற்று வழி ஒன்று இருக்கட்டும்.

## கணக்கில் வராத செலவுகள்

ஒரு உதாரணக் கணக்கு. பள்ளிக்குப் பக்கத்தில் ஒரு வீடு 22,000 ரூபாய் வாடகை. ஆறு கிலோமீட்டர் தள்ளி இதே மாதிரி வீடு 18,000. நாலாயிரம் மிச்சம் என்று தோன்றும். தள்ளி இருந்தால் இரண்டு பிள்ளைக்கும் வேன் ஃபீஸ் தலைக்கு 2,000 என்று வையுங்கள். மிச்சம் அங்கேயே தீர்ந்தது. பிள்ளைகள் தினமும் ஒன்றரை மணி நேரம் வண்டியில் இருப்பது கணக்குக்கு வெளியே நிற்கிறது.

வேன் என்றதும் இதையும் சொல்ல வேண்டும். 2012 இல் தாம்பரம் அருகே பள்ளிப் பேருந்தின் தரையில் இருந்த ஓட்டை வழியே விழுந்து இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி இறந்தாள். பள்ளி வாகனங்களுக்கான தனி விதிகள் அதற்குப் பிறகுதான் வந்தன. பள்ளியின் சொந்த வாகனமா, தனியார் வேனா, உதவியாளர் உண்டா என்று கேட்பதோடு நிற்காமல், வண்டிக்குள் ஏறிப் பாருங்கள். யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். நினைத்தாலும் பரவாயில்லை.

ஃபீஸ் கேட்கும்போது மொத்தத் தொகையை எழுத்தில் வாங்குங்கள்: டேர்ம் ஃபீஸ், புத்தகம், சீருடை, திரும்பக் கிடைக்கும் டெபாசிட், கட்டாயமாக்கப்பட்ட கூடுதல் வகுப்புகள். 2009 ஆம் ஆண்டுச் சட்டப்படி ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையிலான குழு தனியார் பள்ளிகளுக்குக் கட்டணம் நிர்ணயிக்கிறது. ரசீது இல்லாத எந்தத் தொகையையும் கொடுக்க வேண்டாம்.

வீட்டுப் பக்கம் அட்வான்ஸ். சென்னையில் பத்து மாத வாடகை கேட்கும் பழக்கம் இன்னும் முழுதாகப் போகவில்லை. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம், வேறு உடன்பாடு இல்லாதபோது மூன்று மாதம்தான் என்கிறது. அதைச் சொல்லிப் பேசினால் பல ஹவுஸ் ஓனர்கள் இறங்கி வருகிறார்கள். புரோக்கருக்கு ஒரு மாத வாடகை தனி. ஒப்பந்தத்தைப் பதிவு செய்துவிடுங்கள், பள்ளியில் முகவரிச் சான்றாகவும் உதவும்.

## எந்த வரிசையில் செய்வது

முதலில் இரண்டு பகுதிகளைத் தேர்ந்தெடுங்கள், நான்கு வேண்டாம். ஒவ்வொன்றிலும் நான்கைந்து பள்ளிகளுக்குப் போன் செய்து, இரண்டு பிள்ளைக்கும் இடம் உண்டா என்று மட்டும் கேளுங்கள். உண்டு என்ற பள்ளிகளை ஒரு வேலைநாளில் நேரில் போய்ப் பாருங்கள். பள்ளி விடும் நேரத்தில் வாசலில் அரை மணி நேரம் நின்று, வெளியே வரும் பிள்ளைகளின் முகத்தையும், காத்திருக்கும் தாய்மார்களிடம் விசாரித்ததையும் நான் எந்த விளம்பரத்தையும்விட நம்புவேன். இடம் உறுதியான பிறகு அந்தப் பள்ளியைச் சுற்றி வீடு. முதல் வருடம் வாடகை வீடு மட்டும். சென்னையில் ஒரு மழைக்காலம் பார்க்காமல் சொந்த வீட்டுக்கு முன்பணம் கொடுக்க வேண்டாம்.

கல்வியாண்டு நடுவில் மாற்றல் வந்தால், ஒருவர் முன்னால் வந்து தங்கி, பிள்ளைகள் ஏப்ரல் வரை ஊரிலேயே படித்துவிட்டு வருவது பல நேரங்களில் நல்லது. அதற்கு வழியில்லை என்றால் காலாண்டு அல்லது அரையாண்டு விடுமுறையில் மாற்றுங்கள்.

தமிழ்நாட்டுக்குள்ளேயே மாறுகிறீர்கள் என்றால் பழைய பள்ளியில் டி.சி. வாங்கும்போதே பிள்ளையின் எமிஸ் எண்ணை (மாநிலக் கல்வித் துறையின் மாணவர் பதிவு எண்) குறித்துக்கொண்டு, அவர்கள் பதிவைப் பொதுத் தொகுப்புக்கு விடுவித்துவிட்டார்களா என்று கேளுங்கள். விடுவிக்காவிட்டால் புதிய பள்ளியால் பிள்ளையைத் தங்கள் பட்டியலில் சேர்க்க முடியாது. இங்கே வந்த பிறகு அதற்காக ஊருக்குப் போன் மேல் போன் போட வேண்டியிருக்கும். பிறப்புச் சான்றிதழ், ஆதார், சாதிச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை நான்கிலும் பிள்ளையின் பெயரும் முதலெழுத்தும் ஒரே மாதிரி இருக்கின்றனவா என்பதையும் ஊரில் இருக்கும்போதே பார்த்துத் திருத்திவிடுங்கள்.